இடது பிரேக்

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கறிக்கடைச் சந்துக்குத் திரும்பும் முனையில், மின்கம்பத்துக்கும் ஒரு தையல்கடைப் பலகைக்கும் நடுவே உன்னைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்க வந்தவன் நான். ஃபிளெக்ஸில் மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் நீ, கீழே பதினாறாம் நாள் காரியம் எப்போது, எங்கே என்ற விவரம். உன் பெயருக்கு முன்னால் ‘புல்டோசர் சிங்கம்’ என்று போட்டிருந்தார்கள். கையில் பையோடு நடுரோட்டில் நின்று சிரித்துவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்தி, கன்னடத்தில் என்னைத் திட்டிவிட்டுப் போனான்.

அந்தப் படத்தை எடுத்தவன் நான். என் போனில், நம் குப்பைமேட்டில், மழை விட்ட ஒரு காலையில். புல்டோசரின் முன்னால் மண் தள்ளும் பிளேடை ஆளுயரத்துக்குத் தூக்கி நிறுத்திவிட்டு அதற்குக் கீழே போய் இடுப்பில் கைவைத்து நின்றாய். தூக்கிய பிளேடுக்குக் கீழே நிற்கக் கூடாது என்பது புல்டோசரில் ஏறுகிற எவனுக்கும் முதல் நாளே தெரியும். நம் வண்டியின் ஹைட்ராலிக் குழாய்களில் பாதிக்கு மேல் ரப்பர் டியூப் சுற்றிக் கம்பியால் கட்டி வைத்திருந்தோம். ஒன்று விட்டிருந்தால் அன்றைக்கே உனக்கு ஃபிளெக்ஸ் அடித்திருக்கலாம். வெளியே வா, வெளியே வா என்று நான் கத்த, நீ பல்லைக் காட்டினாய். அந்தப் பல்லைத்தான் இப்போது கறி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

போய்ச் சேர்ந்தவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேச வேண்டும் என்பார்கள். அதைப் பேச ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்பது வருஷமாக இடது பாதம் உள்பக்கம் மடங்கிய நிலையில் நடக்கிறவன் நான். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு டிரில் பிட் எடுத்துக் கொடுக்கிறேன். நான் புல்டோசர் ஓட்டியவன் என்று அங்கே சொன்னால் என் காலைப் பார்க்கிறார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்க்கிறார்கள், பேச்சை மாற்றிவிடுகிறார்கள். எனக்கு இந்த ஸ்டூலைக் கொடுத்தவன் நீதான் என்று இத்தனை நாளும் சொல்லி வந்திருக்கிறேன். உன்னிடம் நேராகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஊருக்கு வடக்கே, கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குவாரிப் பள்ளம் நம் இடம். பெங்களூர் தின்று துப்பியதையெல்லாம் லாரிகள் கொண்டுவந்து அதன் விளிம்பில் கொட்டும். தள்ளிப் பரப்பி, மண் போட்டு மூடுவது நாம். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை நீ, அதற்குப் பிறகு நான். வண்டி ஒன்றுதான். எங்கோ ஓர் அணைக்கட்டு வேலையில் ஆயுளைக் கழித்துவிட்டு ஏலத்தில் வந்த, டயருக்குப் பதில் இரண்டு பக்கமும் இரும்புச் செயின் ஓடும் வண்டி. தலைக்கு மேல் கூரை கிடையாது. சீட்டில் பஞ்சு கிடையாது. மீட்டர் ஒன்றிலும் முள் அசையாது. பேட்டரி செத்துப்போய், காலையில் ஒரு லாரியிலிருந்து வயர் இழுத்து இன்ஜினை உசுப்பினால், வேலை முடியும்வரை அதை அணைக்கக் கூடாது. அணைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். அந்தப் பழைய இரும்பில் உட்கார்ந்தபோது கிடைத்த போதை எனக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை. அவ்வளவு எடையும் இரண்டு லீவருக்கும் இரண்டு பெடலுக்கும் பணிந்து நகரும். பிளேடு மண்ணைக் கவ்வுவது முதலில் புட்டத்தில்தான் தெரியும், கண்ணுக்கு அப்புறம்தான். தரை இளகலா, அடியில் பாறையா, குப்பைக்குள் நெருப்புப் புகைந்து பொந்து விழுந்திருக்கிறதா என்பதெல்லாம் சீட் வழியாக உடம்புக்கு வந்து சேரும். ஒருவர் ஓட்ட, மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் தொற்றிக்கொண்டு, வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லும் பந்தயம் நமக்குள் உண்டு. எப்போதும் நீதான் ஜெயித்தாய். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உன் மூளையைவிட உன் புட்டம் கெட்டிக்காரத்தனமானது.

ஆபத்துக்கும் குறைவில்லை. செண்ட் பாட்டில்கள் செயினுக்கு அடியில் பட்டாசாக வெடித்து முகத்தில் தெறிக்கும். பழைய கட்டில் கம்பியும் கேபிள் வயரும் செயின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் இறங்கி அறுத்தெடுக்க வேண்டும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஒரு தடவை அப்படி நான் அறுத்துக்கொண்டிருந்தபோது வண்டி ஒரு சாண் நகர்ந்தது. நீ மேலே ஏறி பிளேடை இறக்கி அதை நிறுத்தினாய். அன்றைக்கு உனக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சாப்பாட்டோடு அந்த நன்றி தீர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்.

விளிம்பில் தள்ளுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு லோடைக் கொண்டுபோய், விளிம்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே விட்டுவிட்டுப் பின்வாங்க வேண்டும். அடுத்த லோடு வந்து அதை முட்டித் தள்ளும். வண்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் எப்போதும் ஒரு குவியல் நிற்கும். உனக்கு இது பிடிக்காது. ஒரே தள்ளில் எல்லாம் பள்ளத்தில் விழ வேண்டும். குப்பை விழுந்து பிளேடு வெறும் காற்றில் நிற்கும். செயினின் முன்பக்கம் விளிம்பைத் தாண்டும். வண்டி முன்னால் தலைகுனியும். அப்போது ரிவர்ஸ் போட்டு, இடது பிரேக்கை ஓங்கி மிதித்து, வண்டியைத் திருகி வெளியே எடுப்பாய். லாரி டிரைவர்கள் விசில் அடிப்பார்கள். அதற்கு ‘சலாம்’ என்று பேர் வைத்திருந்தாய். பள்ளத்துக்கு வண்டி சலாம் போடுகிறதாம்.

நானும் போட்டவன்தான். இரண்டு தரமோ மூன்று தரமோ. என் மகள் பிறந்த பிறகு விட்டுவிட்டேன். நீ இரண்டு பிள்ளைகளுக்கு அப்பனான பிறகும் ஒரு நாளைக்கு நாலு சலாம் போட்டாய். அதன் பலன் மதியம் எனக்கு வரும். இடது பிரேக்கின் லைனிங் தீய்ந்து, அந்த வாடை குப்பையின் நாற்றத்தையும் மீறி அடிக்கும். உன்னிடம் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தேன். சிரித்தாய். கடைசியில் சூப்பர்வைசர் நஞ்சுண்டாவிடம் போய்ச் சொன்னேன். அவர் உன்னை இரண்டு நாள் கேட்டுக்கு வெளியே உட்கார வைத்தார். வேலைக்கு வந்த ஆளை எல்லோரும் பார்க்கும்படி ஒரு கல்லின்மேல் உட்கார வைப்பது அவருடைய தண்டனை. லாரிக்காரர்கள் போகும்போதும் வரும்போதும் உனக்குச் சலாம் போட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் டீக்கடையில் என் எதிரே வந்து நின்றாய். “சேகரு, இனிமே உனக்கும் எனக்கும் பேச்சில்ல. வண்டி வேற, நாம வேற,” என்றாய். நானும் சரிதான் போடா என்றேன். அத்தோடு முடிந்தது. ஒரே வண்டியை ஓட்டுகிற இரண்டு பேர் மூன்று வாரம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. மற்ற தொழிலில் இது ஒரு சண்டை, அவ்வளவுதான். நம் தொழிலில் இது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று நம் இருவருக்கும் தெரியும்.

ஏனென்றால் நமக்குக் கைமாற்றும் வழக்கம் ஒன்று இருந்தது. இரண்டு மணிக்கு இன்ஜினை அணைக்காமலே வண்டியை மாற்றிக்கொள்வோம். இறங்குகிறவன் ரேஸ் லீவரை, அதாவது இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியை, அடிமட்டத்துக்கு இறக்குவான். ஏறுகிறவன் செயின்மேல் நின்று காதைக் கொடுப்பான். வண்டியின் அன்றைய உடம்பு எப்படி என்று சொல்லியாக வேண்டும். வலது கிளட்ச் வழுக்குகிறது, ரேடியேட்டர் ஒழுகுகிறது, பிளேடு தானாக இறங்குகிறது, எதுவானாலும். லாக் புக் என்று ஒன்றும் இருந்தது. அதில் கோளாறை எழுதினால் வண்டியை நிறுத்திப் பழுது பார்க்க வேண்டிவரும் என்பதால் அதில் எல்லா நாளும் ‘ஓகே’ என்றுதான் எழுத வேண்டும். உண்மை வாயில் மட்டும்தான் இருந்தது. அந்த வாயைத்தான் நாம் மூடிக்கொண்டோம்.

அந்த மூன்று வாரமும் நீ இரண்டு மணி ஆவதற்கு முன்பே இறங்கி நடப்பாய். நீ தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்வரை காத்திருந்து நான் ஏறுவேன். முதல் பத்து நிமிஷம் சமதரையில் இரண்டு லீவரையும் இழுத்து, இரண்டு பிரேக்கையும் மிதித்து, வண்டியிடமே நலம் விசாரித்துக்கொள்வேன். உன் வாயைவிட வண்டியின் வாய் நாணயமானது என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

இதைப் படிக்கிற வேறு யாருக்காவது புரிய வேண்டும் என்பதற்காக இறக்கத்தின் சங்கதியையும் எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். சமதரையில் இடது லீவரை இழுத்தால் இடது செயினுக்குப் போகும் விசை அறுபட்டு வண்டி இடது பக்கம் திரும்பும். இறக்கத்தில் கதை தலைகீழ். அங்கே வண்டியைப் பிடித்து நிறுத்தி வைப்பதே இன்ஜின்தான். இடது லீவரை மட்டும் இழுத்தால் இடது செயின் பிடிவிட்டு ஓட ஆரம்பிக்கும், வலது செயின் இன்ஜின் பிடியில் பின்தங்கும், வண்டி வலது பக்கம் திரும்பிவிடும். அதனால் லீவரோடு சேர்த்து இடது பிரேக்கையும் மிதிக்க வேண்டும். அந்தப் பிரேக் இல்லையென்றால், இடது பக்கம் போக வலது லீவரை இழுக்க வேண்டும். பழகிய கைக்கு இது பெரிய வித்தை இல்லை. ஆனால் பிரேக் இல்லை என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

என் கால் போன அன்றைக்கு முந்தின நாள் மழை. பள்ளத்தின் அடியில் ஒரு லாரி சேற்றில் சிக்கிக் கிடந்தது. இரண்டு மணிக்கு நான் வந்தபோது நீ வண்டியைப் பள்ளத்துக்குள் இறங்கும் பாதையின் உச்சியிலேயே, மூக்கைக் கீழே நீட்டி, பிளேடைத் தரையில் ஊன்றி நிறுத்தியிருந்தாய். நஞ்சுண்டா மேலே இருந்து கையை வீசி “பேக, பேக” என்று, சீக்கிரம் போகச் சொல்லிக் கன்னடத்தில் விரட்டிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க சமதரை இல்லை, பத்து நிமிஷமும் இல்லை. ஏறினேன். பிளேடைத் தூக்கினேன். இறங்கினேன்.

பாதை பாதியில் இடது பக்கம் வளைகிறது. வலது பக்கம் பள்ளம். இடது லீவரை இழுத்து இடது பெடலை மிதித்தேன். பெடல் அடித்தகடு வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது, குழம்புக்குள் காலை வைத்ததுபோல. வண்டி வலது பக்கம் மூக்கைத் திருப்பியது. பிளேடை இறக்கினேன். அதன் ஒரு மூலை மட்டும் தரையில் மாட்டி வண்டியை இன்னும் வேகமாகத் திருப்பிவிட்டது. குதிக்கக் கூடாது என்று தெரியும். குதித்தேன். இடது பக்கம், மேட்டுப் பக்கம் குதித்தேன். பாதம் மட்டும் செயினில் மாட்டியது. வண்டி என் காலை விட்டுவிட்டுப் பள்ளத்தில் பக்கவாட்டாகச் சாய்ந்து, குப்பைமேல் கிடந்து, இன்ஜின் அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தது. வலியைவிட அந்தச் சத்தம்தான் இன்றைக்கும் நினைவில் நிற்கிறது.

ஆஸ்பத்திரிக்கு அன்வர் பாய் வந்தார். நம் வண்டிக்கு உதிரிபாகம் போடும் சிவாஜிநகர் மெக்கானிக். வண்டியைப் பிரித்துப் பார்த்தாராம். இடது பிரேக் டிரம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது, லைனிங் பொடியாகிவிட்டது, எல்லாம் அன்றைக்குக் காலையில் நடந்தது என்றார். “காலைல எத்தன சலாம் போட்டானோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்,” என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆக நீ பிரேக்கை எரித்தாய். எரித்தது உனக்குத் தெரியும். லாக் புக்கில் ஓகே என்று எழுதி, ஆபீஸில் வாய் திறக்காமல், இறக்கத்தின் உச்சியில் வண்டியை எனக்காக நிறுத்தி வைத்தாய். இதில் எதையும் நீ மறுக்க முடியாது.

விசாரணை ஒரு தகர ஷெட்டில் நடந்தது. நான் கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. “இடது பிரேக் இல்லன்னு சொன்னேன் சார். சொல்லிட்டுத்தான் எறங்கினேன்,” என்றாய். என்னைக் கேட்டார்கள். என் காதில் எதுவும் விழவில்லை என்றேன். எச்சரித்தும் கவனிக்காமல் இயக்கியதாக என் பேரில் எழுதி, இனி இந்த ஆளை எந்த மெஷினிலும் ஏற்றக் கூடாது என்று முடித்தார்கள். நஞ்சுண்டா உன்னைத் தோளில் தட்டிக் கூட்டிக்கொண்டு போனார்.

சரி, நானும் சும்மா இருக்கவில்லை. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் வாயால் கேள். ஊன்றுகோலோடு நான் போகாத டீக்கடை இல்லை. டோசர், ஜேசிபி, டிப்பர் என்று ஓட்டுகிறவர்கள் எங்கே கூடினாலும் போய் உட்கார்ந்து காலை நீட்டி வைத்தேன். கால் பாதி பேசியது, மீதியை நான் பேசினேன். அவன் சொல்லாமல் இறங்குகிறவன், அவன் கையிலிருந்து வண்டியை வாங்காதே என்றேன். ஆறு மாதத்தில் உன்னோடு ஷிப்டு மாற்றிக்கொள்ள ஓர் ஆளும் முன்வரவில்லை. நீ டோசரை விட்டுத் தண்ணீர் லாரி ஓட்டப் போனாய். புல்டோசர் சிங்கம் அபார்ட்மெண்ட் அபார்ட்மெண்டாகப் போய்த் தொட்டி நிரப்பியது. எனக்கு அது இனித்தது. இதை எழுதும்போதும் கொஞ்சம் இனிக்கத்தான் செய்கிறது.

தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம் உனக்கு. அதிலும் அதிர்ஷ்டக்காரன். உன் பதினாறாம் நாளுக்கு நான் வந்தது மாலை போட இல்லை. ஒன்பது வருஷமாக எனக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. ‘நான் அவனிடம் சொல்லவில்லை’ என்று நீ சாவதற்கு முன் யாரிடமாவது ஒப்புக்கொண்டாயா என்று தெரிய வேண்டும். உன் வீட்டு ஆள் வாயால் அதைக் கேட்டுவிட்டால் என் பேர் சுத்தமாகிவிடும் என்று நினைத்தேன்.

உன் வீட்டுச் சந்தில் ஷாமியானா போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். நம் பழைய கூட்டம் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் என் கதையைக் கேட்டவர்கள். உன் மனைவி ஜெயந்தி வாசலுக்கு வந்து முதலில் என் காலைத்தான் பார்த்தாள். “சேகர் அண்ணாதான?” என்றாள். திட்டுவாள் என்று தயாராக நின்றேன். உள்ளே கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்து, காபி கொடுத்தாள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். போவதற்கு முன்னால் என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா என்றேன்.

“உங்களப் பத்தி பேசாத நாளு ஏதுண்ணா,” என்றாள். “சத்தத்துல அவனுக்குக் கேக்கல, நான் இன்னும் சத்தமா சொல்லியிருக்கணும், இதையேதான் சொல்லிக்கினு இருப்பாரு. ஆபீஸ்ல சொன்னா மறுபடியும் கேட்டு வாசல்ல ஒக்கார வெப்பாங்கன்னு பயந்துட்டாரு. உங்ககிட்ட மட்டும் சொல்லிடலாம்னுதான் அன்னிக்கு எறங்காம நின்னாராம்.”

அதற்கப்புறம் நீ வீட்டில் எதையும் இரண்டு தரம் சொல்வாயாம். கேஸ் ஆஃப் பண்ணு, கேஸ் ஆஃப் பண்ணு, கேட்டுச்சா என்பாயாம். கதவைத் தாள் போடு, தாள் போடு, கேட்டுச்சா. பிள்ளைகள் உன்னை மாதிரியே பேசிக் கிண்டல் செய்வார்களாம். ஜெயந்தி அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. ஒரு நாளும் நீ என்னைப் பொய்யன் என்று சொன்னதில்லை என்றாள்.

எனக்கு உன்மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. என்னைப் பொய்யன் என்று திட்டித் தொலைத்திருக்க வேண்டியதுதானே. அதற்குத்தானே நான் ஒன்பது வருஷமாக உன்னைத் திட்டினேன். நான் திட்டத் திட்ட நீயும் எங்கேயோ உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாய் என்று நம்பித்தானே இத்தனை நாளும் தூங்கினேன்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நான் வந்தபோது நீ இறங்கிப் போயிருக்கவில்லை. மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் செயின்மேல் நின்றுகொண்டிருந்தாய். ரேஸ் லீவரை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தாய். சொல்ல நிற்கிறாய் என்று ஒரு பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வருகிறான், கேட்டால் நானும் இளகிவிடுவேன், அது நடக்கக் கூடாது என்று தோன்றியது. நீ நின்ற பக்கம் வராமல் சுற்றிப்போய் மறுபக்கமாக ஏறி சீட்டில் உட்கார்ந்தேன். நீ குனிந்தாய். உன் உதடு அசைந்தது. நான் ரேஸ் லீவரை முழுக்க மேலே தள்ளினேன். இன்ஜின் காட்டுக் கத்தல் கத்தியது. நேராகப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் உதடு இன்னொரு தரம் அசைந்ததைக் கடைக்கண்ணால் பார்த்தேன். அப்புறம் நீ இறங்கிவிட்டாய்.

என் காதில் எதுவும் விழவில்லை என்று விசாரணையில் நான் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. டீக்கடைகளில் சொன்னது முழுப் பொய்.

இதை அப்படியே ஜெயந்தியிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒரு வார்த்தை வாங்கப் போனவன் ஒன்பது வருஷத்து வார்த்தையைக் கொட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அழவில்லை. என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். “இத எங்கிட்ட சொல்லி இன்னாண்ணா பிரயோஜனம். வெளிய ஒக்காந்திருக்காங்க பாருங்க, அவங்ககிட்ட சொல்லுங்க,” என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்தேன்.

வெளியே வந்தேன். பந்தி போட்டிருந்தார்கள். டிப்பர் ஓட்டும் முனிராஜ் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, அவ்வளவு செய்தவன் வீட்டுக்கும் வந்திருக்கிறாயே, உனக்குப் பெரிய மனசு என்றான். எதிர் வரிசையில் இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். என் காலை நீட்டிக்கொள்ள ஒருவன் நாற்காலி இழுத்துப் போட்டான். பேச வாயைத் திறந்தேன். அதற்குள் இலை வந்துவிட்டது, சோறு வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஜெயந்தி வாசல் நிலையில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து சாப்பிட்டேன். ரசத்துக்கு மறுசோறு வாங்கிக்கொண்டேன். பாயசம் குடித்தேன். கை கழுவிவிட்டு, அவள் நின்ற பக்கம் திரும்பாமல், சந்தைத் தாண்டி பஸ் ஏறிவிட்டேன்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பிரேக்கை எரித்தவன் நீ, லாக் புக்கில் ஓகே எழுதியவன் நீ, சமதரையில் நிறுத்த வேண்டிய வண்டியை இறக்கத்தில் நிறுத்தியவன் நீ. யார் கேட்டாலும் இதைச் சொல்வேன். ஆனால் இதைச் சொல்ல ஆரம்பித்தால் அந்த லீவரையும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் பீன்யாவில் என் காலைப் பற்றி யாராவது கேட்டால் இப்போதெல்லாம் மெஷினில் மாட்டிக்கொண்டது என்று மட்டும் சொல்லி டிரில் பிட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஒன்பது வருஷம் ஊரெல்லாம் பேசித் திரிந்த வாய், பதினாறாம் நாளுக்கு அப்புறம் ஓய்ந்துவிட்டது. ஜெயந்தி இன்னும் காத்திருக்கிறாளா, விட்டுவிட்டாளா என்று தெரியவில்லை. முனிராஜுக்குப் போன் போட இரண்டு தடவை எடுத்தேன், இரண்டு தடவையும் வைத்துவிட்டேன்.

சத்தமாகச் சொல்லவில்லையே என்று செத்தாயே, மடையா. நீ தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. நான் கேட்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். இது மட்டும் உனக்குக் கடைசிவரை தெரியாமல் போய்விட்டது.